விலைக்கு வரும் சாட்சிகள்: கூகுள் தேடலும் நம் கடைகளும்



கடத்தூரில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் சிலருக்கு அண்மைக் காலமாக ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு வருகிறது. "உங்கள் கடையை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம், ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், மூவாயிரம் ரூபாய்தான்" என்கிறார்கள். இன்னொரு பக்கம், பட்டப்படிப்பு முடித்த நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே அந்த பேக்லிங்க் போடும் வேலைக்குப் போகிறார்கள். கடைக்காரர் இதனால் பலன் உண்டா என்று கேட்கிறார். பெற்றோர் இந்தச் சம்பளம் ஹலாலா என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதால் இந்த இதழின் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

ஓர் இணையதளத்தைப் படிக்கும்போது சில சொற்கள் நீல நிறத்தில் இருக்கும். அதைத் தொட்டால் வேறொரு தளத்துக்குப் போய்விடுவோம். அதுதான் லிங்க், அதாவது இணைப்பு. அடுத்தவர் தளத்திலிருந்து நம் தளத்தை நோக்கி வரும் இணைப்பை பேக்லிங்க் என்கிறார்கள்.

1990களில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்தே வரிசைப்படுத்தின. 'நல்ல துணிக்கடை' என்று நூறு முறை எழுதி வைத்தவன் முன்னால் வந்துவிடுவான். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பினால் இப்படித்தான் ஆகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1996 வாக்கில் வேறு வழியைப் பிடித்தார்கள். ஒரு பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. கல்வித்துறையில் இது பழைய வழக்கம்தான். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கெடுக்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1960களிலேயே வெளியிட்டுவிட்டார். பேஜும் பிரினும் மேற்கோளின் இடத்தில் இணைப்பை வைத்தார்கள். முதலில் 'பேக்ரப்' என்று பெயரிடப்பட்ட அந்தத் தேடுபொறிதான் 1998இல் கூகுள் நிறுவனமாக ஆனது. இந்தக் கணக்கு முறைக்கு 'பேஜ்ரேங்க்' என்று பெயர்.

இதில் எல்லா இணைப்பும் சமம் அல்ல. ஒரு பக்கத்துக்கு 10 பங்கு மதிப்பு இருக்கிறது, அது ஐந்து தளங்களுக்கு இணைப்புத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2 பங்கு போகும் (சிறிது கழிவு உண்டு). அதே பக்கம் ஐந்நூறு பேருக்கு இணைப்புக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் போவது தூசி அளவுதான். இணைப்புத் தரும் பக்கத்துக்கே மதிப்பில்லை என்றால் அது எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் ஒன்றுமில்லை. சொல்பவர் யார், அவருக்கு எவ்வளவு நம்பகம், அவர் கண்டபடி எல்லோருக்கும் சொல்கிறாரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

மதரஸாவில் உஸூலுல் ஹதீஸ் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஹதீஸ் கலையின் கண்ணியத்தை வியாபாரத் தந்திரத்தோடு சமப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். புரிந்துகொள்ளும் வசதிக்காகச் சொல்கிறோம். ஒரு செய்தி முதவாதிர் என்ற தரத்தை அடைய நிறையப் பேர் அறிவித்தால் மட்டும் போதாது. அவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லியிருக்க முடியாது என்ற நிலையும் வேண்டும். பத்து அறிவிப்பாளர் தொடர்கள் இருந்து, பத்தும் ஒரே பொய்யரிடம் போய் முடிந்தால் அவை பத்தாகக் கணக்கில் வராது. நினைவாற்றல் குறைந்த அறிவிப்பாளரை இன்னொருவர் தாங்கிப் பிடிக்கலாம், பொய்யர் என்று அறியப்பட்டவருக்கு அப்படித் தாங்கல் கிடைக்காது.

ஆயிரம் பேக்லிங்க் விற்பவர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. ஒரே ஆள், அல்லது ஒரே அலுவலகம், நூற்றுக்கணக்கான தளங்களைத் தன் கையில் வைத்திருக்கும். அவற்றில் ஒன்று சமையல், ஒன்று பயணம், ஒன்று மருத்துவம் என்று வெளியில் தெரியும். எழுதுவதெல்லாம் காசு கொடுத்தவருக்காகத்தான். வெளிப்பார்வைக்கு ஆயிரம் சாட்சிகள், உள்ளே போனால் ஒரே ஆள்.

இது நெடுநாள் மறைவதில்லை. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை நிறுவனம் 2010 பண்டிகைக் கால விற்பனையின்போது உடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கண்டுபிடித்து எழுதியது. கூகுள் நடவடிக்கை எடுத்தவுடன், ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடை இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி, அந்தப் பணியைச் செய்த நிறுவனத்தை அவர்கள் நீக்கினார்கள். 2012 ஜனவரியில் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே இதே போன்ற காரணத்துக்காக 60 நாள் பின்னுக்குத் தள்ளியது. ஒரு முதலாளி தன் கடைத் தராசையே முத்திரை வைத்து மூடியதுபோல.

2012 ஏப்ரலில் 'பெங்குயின்' என்ற பெயரில் வந்த மாற்றம் விலைக்கு வாங்கிய இணைப்புகளைத் தானாகவே கண்டுபிடிக்கத் தொடங்கியது. இப்போது கூகுள் பெரும்பாலும் தண்டிப்பதில்லை, அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அதாவது மூவாயிரம் ரூபாயும் போகும், கடை இருந்த இடத்திலேயே இருக்கும். இணைப்புகளுக்கு முன்பு இருந்த எடை இப்போது இல்லை என்று கூகுள் நிறுவனத்தாரே சொல்லிவருகிறார்கள். தொலைபேசியில் பேசுபவர் 'டி.ஏ. 50 உள்ள தளத்தில் போடுகிறோம்' என்பார். அந்த மதிப்பெண் மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குக்காகப் போடுவது. கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. விக்கிப்பீடியாவில் உங்கள் கடை இணைப்பைச் சேர்க்கிறோம் என்று சொன்னாலும் ஏமாற வேண்டாம். அங்கே வெளி இணைப்புகளுக்கு 'நோஃபாலோ' என்ற குறியீடு தானாகவே விழும், இதை சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு அது. பிறர் உழைப்பால் வளர்ந்த பொதுக் கலைக்களஞ்சியத்தில் குப்பை போட்ட பாவம்தான் மிச்சம்.

இனி சம்பளத்தின் கேள்வி. ஃபத்வா கொடுக்கும் இடத்தில் நாம் இல்லை, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'கம்ப்யூட்டர் வேலை ஹலாலா?' என்று கேட்டால் ஆகும் என்றுதான் பதில் வரும். 'காணாத கடையை, வாங்காத பொருளை, நல்லது என்று வேறு வேறு பெயர்களில் எழுதிக்கொடுத்துக் கூலி வாங்கலாமா?' என்று கேட்க வேண்டும். பெரும் பாவங்களை எண்ணிச் சொன்னபோது, சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் பொய்ச் சாட்சியத்தைக் குறிப்பிடும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று அபூ பக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

விளம்பரம் செய்வதில் இந்தச் சிக்கல் இல்லை. இது காசு வாங்கிப் போட்டது என்று காட்டும் 'ஸ்பான்சர்டு' என்ற குறியீட்டை 2019இல் கூகுள் கொண்டுவந்தது. அதைப் போட்டுக் காசு வாங்குவதைக் கூகுளும் தவறென்று சொல்வதில்லை. கூலி வாங்கினேன் என்று சாட்சி முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்று எங்கே இருக்கிறது? பணம் கொடுத்து எழுதவைக்கும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களும் இந்த வகையில்தான் சேரும். இணைய விமர்சனங்களை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு நம் நாட்டின் பி.ஐ.எஸ். அமைப்பு 2022இலேயே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது.

இது நம் வாசலுக்கும் வந்தது. நம் அறக்கட்டளையின் இணையதளத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டால் பணம் தருவதாக மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை அவர்களே எழுதித் தருவார்களாம், உள்ளே ஒரே ஓர் இணைப்பு இருக்குமாம். அந்த இணைப்பைத் திறந்து பார்த்தால் கிரிக்கெட் பந்தயத் தளம். நிர்வாகக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், 'யாரும் அதைத் தொடப் போவதில்லை, அந்தப் பணத்தில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாமே' என்றார். அவர் எண்ணத்தில் குறை காண மாட்டோம், கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளையை அவர் நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆனால் யாரும் தொட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. சூதாட்டத் தளங்களுக்கு வெளிப்படையான விளம்பரம் கிடைப்பது கடினம், தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுக்க 2025ஆம் ஆண்டுச் சட்டமும் தடையாக நிற்கின்றன. ஆகவே பள்ளிவாசல், கல்லூரி, தர்ம ஸ்தாபனம் என்று நல்ல பெயர் உள்ள தளங்களைத் தேடி வருகிறார்கள். அவர்கள் வாங்க நினைத்தது நம் பெயரின் எடையை. விவரம் தெரிந்ததும் அந்த உறுப்பினரே வேண்டாம் என்றார். அந்தப் பிள்ளைக்கான கட்டணம் பைத்துல்மாலிலிருந்து போனது.

சரி, கடைக்காரர் என்ன செய்யலாம்? கடத்தூர் பேருந்து நிலையத்தில் நின்று ஒருவர் துணிக்கடையைத் தேடினால் கூகுள் பார்ப்பது மூன்று என்று அதுவே சொல்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடையின் பிரபலம். முதல் இரண்டுக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் போதும். அது இலவசம். கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண், உண்மையான படங்கள் சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இணைப்பின் பங்கு மூன்றாவதில்தான் வருகிறது. அதையும் நேர்மையாகப் பெறலாம். நீங்கள் சரக்கு எடுக்கும் கம்பெனியின் விற்பனையாளர் பட்டியலில் உங்கள் கடை இருக்கிறதா என்று கேளுங்கள். கல்யாண விருந்துக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கும் சகோதரர், நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ கறி என்ற கணக்கைத் தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதி வைக்கட்டும். பொம்மிடியிலும் அரூரிலும் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அதைப் பகிர்வார்கள்.

தமிழில் இதற்குச் சிறந்த முன்னுதாரணம் மதுரைத் திட்டம். கூகுள் தொடங்கிய அதே 1998இல், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைக்கத் தொடங்கினார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அங்கே இருக்கிறது. தமிழ் படிக்கும் மாணவரும் பல்கலைக்கழகங்களும் இன்றுவரை அந்தத் தளத்தைக் காட்டி இணைப்புத் தருகிறார்கள், அங்கே தேவையான பொருள் இருக்கிறது என்பதற்காக.

இந்தத் துறையில் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. பக்கம் விரைவாகத் திறக்கச் செய்வது, தமிழில் தெளிவாக எழுதுவது, தளத்தின் குறைகளைத் திருத்துவது என்று இதில் நேர்மையான வேலை நிறைய உண்டு. நேர்முகத்தில் 'மாதம் எத்தனை லிங்க் போட வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்கிற அலுவலகம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இணையதளம் வைத்திருக்கும் மதரஸா, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தளத்தின் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் அது ஏலத்துக்குப் போகும். பழைய நற்பெயருக்காகவே அதை வாங்கிச் சூதாட்டப் பக்கமாக மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். கூகுள் 2024இல் இதைத் தனிக் குற்றமாகவே தன் விதிகளில் சேர்த்தது. புதுப்பிக்கும் தேதியை மின்கட்டணத் தேதிக்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கடவுச்சொல் தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் மட்டும் இருக்காமல், முத்தவல்லியிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.