வெட்சி: ஏட்டிலும் தோட்டத்திலும்

முன்னுரை

தொல்காப்பியப் புறத்திணையியலைப் பயிலப் புகும் மாணவர் முதற்கண் எதிர்கொள்ளும் திணை வெட்சி. ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடிய பூவின் பெயரே அப்போரொழுக்கத்திற்கும் பெயராயிற்று. நிரை மீட்டலையும் தொல்காப்பியர் வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ அதனைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. இவ்வேறுபாட்டைத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர் பலர். ஆயினும், அப்பூவைக் கண்டதுண்டோ என வினவின் அவருள் பலர் விடையின்றி நிற்பர். மறுபுறம், இட்லிப்பூச் செடியை முற்றத்தில் பல்லாண்டு வளர்த்த பெரியோர் பலர், அதுவே வெட்சி என்பதனை அறியார். ஒருவரிடம் பெயர் உளது. மற்றவரிடம் செடி உளது. இரண்டினையும் ஒன்று சேர்த்தல் நம் கடனாகும்.

அடையாளம்

வெட்சி, காப்பிச் செடியின் குடும்பத்தைச் சார்ந்த புதர்ச்செடி. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகத்தைச் சேர்ந்தவை. மலையாளத்தில் இது தெச்சி எனப்படும். லின்னேயசு 1753-இல் இதற்கு இட்ட பெயர் ‘இக்சோரா காக்சினியா’. அதன் பின்மொழி செந்நிறத்தைக் குறிக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. காம்பு மிகக் குறுகியது. நீண்ட மெல்லிய குழலும் நான்கு இதழ்களும் கொண்ட பூக்கள் கொத்தாக மலரும். குழலின் அடியிலுள்ள தேனை நாடி வண்ணத்துப்பூச்சிகள் வரும்.

நாற்றுப் பண்ணைகளில் சீன வெட்சியும் கலப்பினங்களும் விற்கப்படுகின்றன. சீன வெட்சியின் இதழ்நுனி வட்டமாக இருக்கும். நம் வெட்சியின் இதழ்நுனி பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். வாங்குமுன் இதனை நோக்குக.

நடுமுறை

மழைக்காலமே நடுதற்கு ஏற்றது. முற்றிய கட்டையும் ஆகாது, இளந்தளிரும் ஆகாது. இடைப்பட்ட முதிர்ச்சியுள்ள கிளையில் 10 முதல் 15 செ.மீ. நீளத் துண்டு வெட்டி, அடியிலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுக. சில வாரங்களில் வேர்விடும். பதியனிட்டும் வளர்க்கலாம். வேரூன்றிய நாற்றை, செம்மண்ணும் மக்கிய எருவும் இலைமட்கும் இட்ட குழியில், வெயில் நன்கு படும் இடத்தில் நடுதல் வேண்டும். நீர் தேங்கலாகாது. நிழல் மிகின் இலை செழிக்கும்; பூ குறையும்.

புதுத்தளிரின் நுனியிலேயே பூங்கொத்து தோன்றும். ஆதலின் பூத்து முடிந்தபின் கத்தரித்தலே முறை. வேலியழகு கருதி ஓயாது கத்தரிப்பின் அரும்புகளும் உடன் வீழும்.

இலை மஞ்சளாதல்

வெட்சி வளர்ப்போர் பெரிதும் வருந்துவது இக்குறையாலேயே. நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். தளிரிலைகளிலேயே இது முதலில் தோன்றும். உரக்குறை எனக் கருதிச் சாணஎரு குவித்தும் பயன் காணாது, செடியைப் பிடுங்கி எறிவாருளர். இதன் காரணம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமலன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேர் அதனை ஏற்க இயலாமையே காரணம். வெட்சி சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. கட்டடச் சுவரையொட்டி நடுங்கால், உதிரும் சுண்ணமும் சிமெண்டும் மண்ணின் இயல்பை மாற்றும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரும் அவ்வாறே செய்யும்.

ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை வேளையில் இலைகளில் தெளிப்பின் பசுமை மீளும். அது உடனடி மருந்தே. சுவரினின்று தள்ளி நடுதலும், இலைமட்கு இடுதலும், மழைநீர் சேர்த்து ஊற்றுதலுமே நிலைத்த தீர்வாகும்.

முடிவுரை

மாணவர்களே! நுங்கள் இல்லத்துப் பெரியோரிடம் ஒரு கிளை கேட்டுப் பெறுக. அதனை ஊன்றும் முறையையும் அவரிடமே கேட்டறிக. வேர்விட்டபின் அதனருகே ‘வெட்சி’ என எழுதிய பலகையொன்று நாட்டுக. அவர்தம் கைப்பழக்கமும் நுங்கள் நூலறிவும் ஒருசேர நிற்கும் இடம் அதுவே. உரையாசிரியர் பக்கம் பக்கமாய் விளக்கிய பூவினை, இனிவரும் மாணவர் கண்ணாற் கண்டு கற்பாராக.