சக்கரத்தில் சத்தம்: உப்புக்காற்று ஊரில் பிரேக்கைச் சோதிக்கும் முறை

கார்ச் சக்கரத்திலிருந்து வரும் சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பது தெரிந்துவிட்டால், அது எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி தெரிந்ததாகிவிடும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதித்தால் நின்றுவிடுகிறதா, மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறதா, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மாறுகிறதா: இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை குறித்து வைத்த பிறகே ஜாக்கியை எடுக்க வேண்டும். விடை தெரியாமல் சக்கரத்தைக் கழற்றினால், கண்ணில் படும் முதல் தேய்மானத்தின் மேல் பழி விழும். பேடு புதிதாகும், சத்தம் அப்படியே இருக்கும்.

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னக்காயல் போன்ற ஊரில் இந்த வேலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரேக் டிஸ்க்கின் உரசும் முகம் பெயின்ட் இல்லாத வெறும் வார்ப்பிரும்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகமும் உப்பளங்களும் இருக்கும் இடத்தில், இரவு முழுக்க வெளியே நிற்கும் வண்டியின் டிஸ்க்கில் காலைக்குள் செந்துரு படர்ந்திருக்கும். ஆடி மாதத்தில் அடிக்கும் மேல்காற்றோடு தேரி மணலும் கடற்கரை மணலும் சேர்ந்து பறக்கின்றன. அவை டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் புகுந்துகொள்ளும். ஆகவே, வெளியூரில் பேடு தேய்ந்ததன் அடையாளமாக இருக்கும் சத்தம் இங்கே வெறும் துருவாக இருக்கலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. கடற்கரை வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று காது பழகிப்போய், உண்மையான எச்சரிக்கையும் கேட்காமல் போகிறது.

துருச் சத்தத்தைப் பிரித்தறிவது எளிது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சில பிரேக்குகளில் 'சர்ர்' என்று வந்து, நாலைந்து தடவை மிதித்ததும் மறைந்துவிட்டால் அது மேல்துரு. பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும். எதையும் மாற்றத் தேவையில்லை. ஆத்தூர் போய்ச் சேரும்போதும் சத்தம் தொடர்ந்தால் அது வேறு விஷயம்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

இதற்கு ஆள் நடமாட்டம் இல்லாத, மணல் படியாத தார்ச்சாலை வேண்டும். பாட்டு, ஏசி விசிறி இரண்டையும் அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். நீளமான மதில் ஓரமாக மெதுவாக ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, எந்தப் பக்கச் சக்கரம் என்பதைக் காட்டிக்கொடுக்கும். வெட்டவெளியான உப்பளச் சாலையில் இது கிடைக்காது. ஊருக்குள் வந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் 40 கி.மீ. வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றிச் சில வினாடிகள் உருளவிட வேண்டும். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். இன்ஜின் சுழற்சி இறங்கியும் சத்தம் மாறாமல் இருந்தால், அது சக்கரத்தைச் சேர்ந்தது.

அடுத்து, உருளும்போதே பிரேக்கை லேசாகத் தொட வேண்டும். மெல்லிய 'கிரீச்' சத்தம் மிதித்த உடனே நின்றுவிட்டால், பேடில் உள்ள தேய்மானக் காட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பேடின் உராயும் பொருள் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுச் சத்தம் போடுவதற்கென்றே வைத்த சின்ன இரும்பு நாக்கு அது. சில வண்டிகளில் மிதிக்கும்போதுதான் இந்த நாக்கு கத்தும். எல்லாப் பேடிலும் அது இருக்காது. பல கார்களில் சக்கரத்துக்கு ஒரு பேடில், பெரும்பாலும் உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். விலை குறைந்த மாற்றுப் பேடு சிலவற்றில் அதுவும் கிடையாது. அதனால் கிரீச் வராதது பேடு நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

மிதிக்கும்போது இரும்போடு இரும்பு அரைபடும் 'கரகர' சத்தம் வந்தால், பேடு முழுதும் தீர்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுகிறது என்று பொருள். சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெடல் வழக்கத்தை விட ஆழமாக இறங்குதல், வண்டி ஒரு பக்கம் இழுத்தல், கருகல் நாற்றம், டாஷ்போர்டில் சிவப்புப் பிரேக் விளக்கு ஆகியவையும் இதே வகைதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை ஊருக்கு வரவழைப்பது, இல்லையென்றால் கட்டி இழுக்காமல் ஏற்றிச் செல்வது நல்லது.

மணல் கிடக்கும் இடத்தில் திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது 'கர்ர்ர்' என்ற அதிர்வும், காலடியில் பெடல் துடிப்பதும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி. அது பழுது அல்ல. சாதாரணமாக மெல்ல மிதிக்கும்போதே சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்பத் துடித்தால், டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள சிறிய கார்களில் இன்னொரு சோதனை செய்யலாம். காய்ந்த நேரான சாலையில் 15, 20 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக் நுனியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லிவரை மெதுவாகக் கொஞ்சம் உயர்த்தினால், பின்சக்கரம் மட்டும் பிடிக்கும். சத்தம் அப்போது மாறினால் தேட வேண்டிய இடம் பின்னால்.

கழற்றிப் பார்த்தல்

ஓட்டி முடித்ததும், நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைத் தொடாமல் நீட்டிச் சூட்டை ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த அரை நிமிடச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. உப்புக்காற்று ஊரில் அதிகம் பிடிபடும் கோளாறு இதில்தான் தெரியவரும்.

வண்டி ஆறிய பிறகே ஜாக்கி போட வேண்டும். மணல் தரையில் ஜாக்கி சாய்ந்து இறங்கிவிடும். சிமென்ட் தரை கிடைக்காவிட்டால் அகலமான கனத்த பலகையை அடியில் வைத்தே தூக்க வேண்டும். வண்டியை முதல் கியரில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத் தூக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது.

சக்கரம் ஹப்போடு துருவால் ஒட்டிக்கொண்டு வராமல் இருப்பது இங்கே சாதாரணம். டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் மாறி மாறித் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். கழன்ற பிறகு ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தத் துருப் பொருக்கு சக்கரத்தைச் சற்றுக் கோணலாக உட்கார வைத்து, அதுவே ஒரு சத்தத்துக்குக் காரணமாகும்.

முன்சக்கரத்தில் முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கப் பேடு. வெளிப்பக்கப் பேடு எளிதில் கண்ணில் படும், அதை மட்டும் பார்த்து "பேடு இருக்கு" என்று சொல்லிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், ஒரு சக்கரத்துக்கு மட்டும் அல்லாமல் இடம், வலம் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது கனமாக இருந்தால் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் வழுக்கி நகரவில்லை என்று பொருள். காலிப்பர் முன்பின் நகர்வதற்கு இரண்டு ஊசிகள் ரப்பர் உறைக்குள் இருக்கின்றன. உறை கிழிந்தால் ஈர உப்பு உள்ளே போய் ஊசி பிடித்துக்கொள்ளும். பேடு டிஸ்க்கை விடாமல் உரசும், சக்கரம் சூடாகும், மைலேஜ் குறையும், சத்தமும் வரும். புதுப் பேடு போட்டாலும் சில மாதங்களில் அதே நிலை திரும்பும். ஊசிகளை உருவி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவி, புது உறையோடு போடுவதுதான் தீர்வு. சாதாரண மஞ்சள் கிரீஸ் அந்த ரப்பரை ஊதிப்போகச் செய்யும். எந்த கிரீஸும் பேடின் உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ படக் கூடாது. பட்டுவிட்டால் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். எண்ணெய் குடித்த பேடு திரும்பப் பயன்படாது.

டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு வரிகள் இருக்கின்றனவா, வெளி விளிம்பில் துரு வரம்பு எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரம்பு பேடின் ஓரத்தை உரசிச் 'சிங் சிங்' என்று ஒலிக்கும். டிஸ்க்கை லேத்தில் கடையலாம் என்றாலும், எவ்வளவு மெலியலாம் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போகுமானால் கடைவதில் பயனில்லை, மாற்றவே வேண்டும். டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டில் சிறு கல் சிக்கினால், கேட்பவர் பதறும் அளவுக்குச் சத்தம் வரும். கல்லை எடுத்து, தகட்டை விரலால் டிஸ்க்கிலிருந்து லேசாக விலக்கி வளைத்தால் போதும். சரளை கொட்டிய சாலையில் போய்வந்த உடனே தொடங்கிய சத்தம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பின்சக்கர டிரம்மைக் கழற்றும்போது ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்க வேண்டும். அப்போது எதிர்ச் சக்கரங்களின் கல் இன்னும் முக்கியம். மாருதி கார்கள் பலவற்றின் டிரம் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் உண்டு. பொருத்தமான போல்ட்டுகளை அவற்றில் மாறி மாறி முறுக்கினால், துருவால் ஒட்டிய டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுவிடும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்றுக் குழாயும் வைக்கக் கூடாது; அது நுரையீரலுக்குத் தீங்கானது. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ எடுக்க வேண்டும். டிரம்மின் உள்ளே உரசும் ஷூவின் மேல் கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருந்தால் கிரீச் சத்தத்துக்கு அதுவே காரணமாகலாம். உள்ளே எண்ணெய் கசிவு தெரிந்தால் வீல் சிலிண்டரையும் மாற்ற வேண்டும்.

பிரேக்கைச் சேராத சத்தங்கள்

மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், 40 கி.மீ.யில் தொடங்கி வேகத்தோடு ஏறும் 'உம்ம்' என்ற முழக்கம் வீல் பேரிங்குக்கு உரியது. வண்டி வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது முழக்கம் கூடினால் இடப்பக்க பேரிங்கையும், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கத்தையும் சோதிக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். கையால் சுற்றினால் மணல் அரைவதுபோல் விரலுக்குத் தட்டுப்படும். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த டயரும் இதே முழக்கத்தைத் தருவதால், பேரிங்குக்குச் செலவு செய்யும் முன் முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது. சத்தம் டயரோடு இடம் மாறினால் பேரிங் தப்பித்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரையின் கீழ்ப்பகுதி முழுதும் வெள்ளக்காடானது. அப்படி ஹப் வரை மூழ்கிய வண்டியின் பேரிங்கில் தண்ணீர் புகுந்திருந்தால், முழக்கம் உடனே வராது. கிரீஸ் கெட்டு, உருளைகளில் துருப்புள்ளி விழுந்து, மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். இந்தப் பகுதியில் பழைய கார் வாங்குபவர் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

திறந்த இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'கடக் கடக்' என்று வந்தால், அது முன் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வரும் 'டக்' சத்தம் சஸ்பென்ஷனைச் சேர்ந்தது. தளர்ந்த வீல் கப், டயர் வெட்டில் சிக்கிய கல் இரண்டும் ஓயாமல் தட்டி, பெரிய பழுதைப்போல் ஏமாற்றும்.

திரும்பப் பூட்டுதல்

நட்டுகளைக் கையால் பூட்டி, சக்கரம் தரையைத் தொட்டதும் எதிரெதிராக இறுக்க வேண்டும். பிஸ்டனைப் பின்னால் தள்ளிப் பேடு மாற்றியிருந்தால், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் புறப்பட்டால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிரேக் ஆயிலின் அளவையும் பார்க்க வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், கடலோரத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

புதுப் பேடு போட்டதும் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமாக மிதித்துக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, எட்டுப் பத்து தடவை செய்தால் பேடும் டிஸ்க்கும் பொருந்தும். நீண்ட நாள் வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பதே பாதுகாப்பு. கடற்கரை மணலிலோ உப்புத் தண்ணீரிலோ இறங்கிய வண்டியின் சக்கரங்களை உள்ளும் புறமும் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக்கை மிதித்து டிஸ்க்கைக் காயவிட்ட பிறகே நிறுத்த வேண்டும்.