குடும்ப நல நீதிமன்றங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சமரசப் பேச்சு, பிரிய நினைக்கும் தம்பதியரைக் கட்டாயமாகச் சேர்த்து வைக்கவே நடத்தப்படுகிறது.

உண்மை: 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இயன்ற வழக்குகளில் முதற்கண் தீர்வு காண முயலும் கடமையை நீதிபதிக்கு விதிக்கிறதே தவிர, அத்தீர்வு மீண்டும் சேர்ந்து வாழ்வதாகவே இருக்கவேண்டும் என்று கூறவில்லை. ஜீவனாம்சத் தொகை எவ்வளவு, குழந்தை எந்தக் கிழமையில் எந்த இடத்தில் எத்தனை மணி வரை தந்தையுடன் இருக்கும் என்பன போன்றவற்றை முடிவு செய்து, கசப்பின்றிப் பிரிவதும் சமரசமே.

நம்பிக்கை: சமரசத்தில் பேசியவை அனைத்தும் பின்னர் சாட்சியமாகிவிடும்.

உண்மை: சமரசம் கைகூடாதபோது, அது கைகூடவில்லை என்பதை மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பேசியவற்றை வெளியிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது. எனினும், குழந்தை யாருடைய பொறுப்பில் வளர்வது என்ற வழக்குகளில், குழந்தையின் நலன் கருதி, உளவியல் ஆலோசகரின் அறிக்கையை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்று அதே நீதிமன்றம் 2019இல் விலக்களித்தது.

நம்பிக்கை: வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த இயலாத பெண்ணுக்கு இங்கு வழியில்லை.

உண்மை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்.

நம்பிக்கை: சட்டம் இயற்றியதோடு அரசின் பங்கு முடிந்துவிட்டது.

உண்மை: பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒவ்வொரு நகரிலும் உயர் நீதிமன்றத்தைக் கலந்து குடும்ப நீதிமன்றம் அமைப்பதும், அதற்குத் தேவையான ஆலோசகர்கள் எத்தனை பேர் என்று வரையறுப்பதும் மாநில அரசின் கடமைகள். 2002-03இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம், மாநிலமும் இணையான பங்கைச் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனையுடன், கட்டுமானச் செலவில் பாதியை ரூ.10 லட்சம் வரையிலும், நடைமுறைச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சமும் வழங்கியது. கட்டடத்துக்கு இத்தொகை உதவலாம். ஆனால் உடைந்த குடும்பத்தின் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்க, பயிற்சியும் நிலையான ஊதியமும் உடைய ஆலோசகர்கள் ஆண்டுதோறும் வேண்டும். அப்பணியிடங்களை அரசு நிரப்பாத இடத்தில், வழக்குகளின் நெருக்கடிக்கிடையே நீதிபதி ஒருவரே சமரசத்தையும் செய்து முடிக்கவேண்டியிருப்பதால், 9ஆம் பிரிவு விதிக்கும் கடமை வெறும் சடங்காகக் குறுகிவிடும்.