எழுதாமல் விட்டால் யார் எழுதுவார்கள்? இணைய வியாபாரத்துக்கு வேண்டிய பத்திரங்கள்



நம்ம பசங்க, பொண்ணுங்க நிறைய பேர் இப்போ இணையத்தில் வியாபாரம் செய்கிறோம். முறுக்கு, ஜிமிக்கி, சேலை, கேக் என்று எல்லாமே போகுது. வாட்சாப்பில் ஆர்டர் வரும், பேங்க்கில் காசு ஏறும், கூரியரில் பொருள் போகும். இது ஒழுங்காக நடக்கும் வரைக்கும் பத்திரம், ஒப்பந்தம் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

நானும் என் நண்பனும் பொறியியல் படிக்கும்போதே அக்ரிலிக்கில் கோல அச்சு வெட்டி தீபாவளிக்கு விற்க ஆரம்பித்தோம். அவன் 1,800 ரிங்கிட் போட்டான், நான் 600 போட்டேன். வடிவமைப்பு அவன் வேலை. பேக்கிங், ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வேலை. "லாபத்தை எப்படிடா பிரிக்கிறது?" என்று ஒரு தடவை கேட்டேன். "பாத்துக்கலாம் மச்சான்" என்றான். அதோடு விட்டாச்சு.

இரண்டாவது தீபாவளிக்கு ஆர்டர் குவிந்தது. போட்ட காசை எடுத்த பிறகு 3,200 ரிங்கிட் லாபம். போட்ட முதலின்படி பிரித்தால் அவனுக்கு 2,400, எனக்கு 800 என்றான். பாதிப் பாதி, ஆளுக்கு 1,600 என்றேன் நான். வித்தியாசம் 800 ரிங்கிட்தான். அதுக்காக நாலு மாசம் பேசவில்லை. ஒரே மாமாக் கடையில் வேற வேற மேசையில் சாப்பிட்டோம்.

அந்த நாலு மாசத்தில்தான் சட்டத்தைப் படித்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. படித்ததில் புரிந்ததைப் பகிர்கிறேன்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு 'டீஃபால்ட்' என்றால் தெரியும். நாம் ஒரு மதிப்பைக் கொடுக்காவிட்டால், கணினி தன் மதிப்பை வைத்துக்கொள்ளும். சட்டமும் அப்படித்தான். நாம் எழுதாமல் விட்ட இடம் காலியாக இருக்காது. அங்கே சட்டம் தன் விதியை வைத்திருக்கும்.

1. வியாபாரப் பதிவு

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்று நாம் சொல்லும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். இது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். இணையக் கடைக்கும் இது பொருந்தும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் தனியாக நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். பதியாமல் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். "சின்ன வியாபாரம்தானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

2. கூட்டாளி ஒப்பந்தம்

என்னை உலுக்கியது இதுதான். லாபத்துக்காக இரண்டு பேர் சேர்ந்து வியாபாரம் செய்தாலே, 1961ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கூட்டாளிகள். கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வேறு உடன்பாடு இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்வது இது: லாபம் சமமாகப் பிரியும், நஷ்டமும் சமமாகப் பிரியும், உழைத்த கூட்டாளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

அப்படியானால் 1,600 கேட்ட நான் ஜெயித்தேனா? சந்தோஷப்பட முடியவில்லை. நஷ்டம் வந்திருந்தால், 600 மட்டும் போட்ட நானும் பாதி சுமந்திருக்க வேண்டும். ராத்திரி கண் விழித்த வேலைக்கும் ஒரு காசு கேட்க முடியாது. அவன் அதிகமாகப் போட்ட காசுக்கு லாபத்தில் கூடுதல் பங்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேருமே தேர்ந்தெடுக்காத ஒரு விதி எங்கள் மேல் உட்கார்ந்திருந்தது.

அதோடு, வியாபாரத்துக்காக ஒரு கூட்டாளி வாங்கும் கடன் மற்றவரையும் கட்டும். அவன் அக்ரிலிக் கடனில் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால், கடைக்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். வியாபாரம் பெரிதானால் 'செண்டிரியான் பெர்ஹாட்' நிறுவனமாக மாறுவதை யோசிக்கச் சொல்வது இதனால்தான். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். ஆனால் நிறுவனம் சட்டப்படி தனி ஆள். அதன் கடன் பொதுவாக அதோடு நிற்கும், நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும்.

ஒப்பந்தத்தில் குறைந்தது இவை இருக்கட்டும்: யார் எவ்வளவு போட்டார், யாருக்கு என்ன வேலை, லாப நஷ்டம் எப்படிப் பிரியும், யார் கையெழுத்தில் பணம் எடுக்கலாம், ஒருவர் விலகினால் என்ன நடக்கும், இன்ஸ்டாகிராம் கணக்கும் கடவுச்சொல்லும் யாருடையது. கடைசியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நம் கடையே அதுதான்.

வாய்ப் பேச்சும் ஒப்பந்தம் ஆகலாம். 2006ஆம் ஆண்டு மின் வணிகச் சட்டப்படி வாட்சாப்பில் பேசி முடித்ததும் ஆகலாம். ஆனால் நிரூபிப்பது கஷ்டம். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

3. விற்பனை விதிமுறைகள்

"விலைக்கு பிஎம் பண்ணுங்க" என்று போடுகிறோமே, அது தப்பு. இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவோடு சேர்த்த முழு விலை, பணம் கட்டும் முறை, பொருள் எப்போது வந்து சேரும் என்பதையெல்லாம் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியை நாங்களும் எங்கிருந்தோ காப்பி அடித்துப் போட்டோம். ஒரு அக்காவுக்கு உடைந்த அச்சு போய்ச் சேர்ந்தது. அந்த வரியைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைத்தோம். முடியாது. பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே கொடுக்கிறது. நாம் எழுதும் வரி அதை அழிக்காது. வாடிக்கையாளர் 5 ரிங்கிட் கட்டி நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். நாங்கள் மன்னிப்புக் கேட்டுப் புது அச்சு அனுப்பினோம்.

4. தனிநபர் தரவு அறிவிப்பு

பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வாங்குகிறோம். எதற்காக வாங்குகிறோம், யாரிடம் கொடுப்போம் என்று 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சொல்ல வேண்டும். அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். கோல அச்சு அனுப்ப வாங்கிய எண்ணுக்கு, சொந்தக்காரர் டியூஷன் விளம்பரத்தை அனுப்பக் கூடாது. சிரிக்காதீர்கள், நாங்கள் அதையும் செய்தோம்.

5. வர்த்தக முத்திரை

எஸ்எஸ்எம்மில் பெயரைப் பதிந்தால் அந்த பிராண்ட் நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறோம். இல்லை. பெயரையும் சின்னத்தையும் காக்க, 2019ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் கீழ் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தனியாகப் பதிய வேண்டும். பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முதல் நாளே தேவையில்லை. பெயர் பேசப்பட ஆரம்பித்ததும் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று

நண்பனிடம் "எழுதி வைப்போம்" என்று சொல்ல நமக்குக் கூச்சம். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிடுவானோ என்ற பயம். ஆனால் நாங்கள் சண்டை போட்டது நம்பிக்கை இல்லாததால் அல்ல. இரண்டு பேரும் மனசில் வேற வேற கணக்கு வைத்திருந்தோம், அவ்வளவுதான். எழுத உட்கார்ந்திருந்தால் அது முதல் நாளே வெளியே வந்திருக்கும்.

நாலு மாசம் கழித்து அவனே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். இந்த வருஷத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினோம். போட்ட காசு முதலில் அவரவருக்குத் திரும்பும். பேக்கிங்குக்கு ஒரு அச்சுக்கு 1 ரிங்கிட், யார் செய்தாலும். மீதி பாதிப் பாதி. அவன் கேட்டதும் முழுசா இல்லை, நான் கேட்டதும் முழுசா இல்லை. ஆனால் நாங்களே எழுதியது.

செய்து பாருங்கள்

1. உங்கள் வியாபாரத்தில் இன்னும் பேசாமல் விட்ட கேள்வி எது? கூட்டாளியும் நீங்களும் தனித்தனியாகப் பதில் எழுதி ஒப்பிடுங்கள்.
2. உங்கள் விற்பனைப் பக்கத்தில் முழு விலையும் பதிவு எண்ணும் இருக்கிறதா?
3. வாடிக்கையாளர் பட்டியல் யார் யார் கையில் இருக்கிறது?

தொகை பெரிதென்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.