யந்திரக் கணக்கப்பிள்ளை

கொள்முதல், விலை, வசூல் யாவையும் செயற்கை அறிவு முகவர் தானே கவனித்துக்கொள்ளும் என்ற பேச்சு கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கடைவீதிகளிலும் அடிபடுகிறது.

2025-ல் ஆந்த்ரோபிக் கம்பெனி, சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சிறு கடையை அத்தகைய முகவரிடம் ஒரு மாதம் ஒப்படைத்துப் பார்த்தது. சரக்குக் கிடைக்குமிடம் தேடுவதில் கெட்டிதான். ஆனால் 15 டாலர் பானத்துக்கு ஒருவர் 100 டாலர் தர முன்வந்தும், யோசிப்பதாகச் சொன்னதோடு சரி. டங்ஸ்டன் கட்டிகளை அடக்கவிலைக்கும் கீழே விற்றது. கெஞ்சினவர்க்கெல்லாம் தள்ளுபடி வேறு. 1,000 டாலர் முதல் 800-க்கும் கீழே இறங்கிற்று. நம் கடைப் பையனே இதைவிடச் சமர்த்தன்!

சிட்டை எழுத, பாக்கியை நினைவூட்ட வைத்துக்கொள்ளுங்கள். விலை பேச விடவேண்டாம். ஏர் கனடாவின் பதில் சொல்லும் யந்திரம் பயணி ஒருவருக்குச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. அதற்குத் தான் பொறுப்பல்ல என்ற கம்பெனியின் வாதத்தை 2024-ல் கனடியத் தீர்ப்பாயம் தள்ளி, நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று.