ஹெப்பட்டைட்டிஸ் ‘சி’ நோயும் இரத்தப் புரதங்களும்

கேரளத்தில் பெரியாற்றங்கரையில் உள்ள ஆலுவாவின் மாவட்ட மருத்துவமனையில், இரத்த வங்கியோடு ஹீமோபீலியா நோய்க்கான சிகிச்சை மையமும் இயங்கி வருகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களுள் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பது ஹீமோபீலியா எனப்படும். அப்புரதத்தை நெடுங்காலம் பிறர் இரத்தத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஹெப்பட்டைட்டிஸ் ‘சி’ வைரஸ் 1989ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. இரத்தத்தை அதற்காகச் சோதிக்கும் முறை நடைமுறைக்கு வருமுன், உலகின் பல பகுதிகளிலும் இந்நோயாளிகள் பலருக்கு அந்த வைரஸும் சிகிச்சையின் வழியே தொற்றியது. ஆகவே, இரத்தப் புரதங்களைப் பற்றிய பாடத்தை இவ்விடத்திலிருந்து தொடங்குவது பொருந்தும்.

கல்லீரலின் புரதம்

உடல்நலமுள்ளவரின் சீரத்தில், அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரில், 100 மில்லிலிட்டருக்கு ஆல்புமின் ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரையும், குளோபுலின் 2 முதல் 3.5 கிராம் வரையும் இருக்கும். ஆல்புமினை உண்டாக்குவது கல்லீரல். நோய் முற்றிக் கல்லீரல் சுருங்கி இறுகும்போது ஆல்புமின் குறைகிறது. காலிலும் வயிற்றிலும் நீர் கோக்கிறது. அதே சமயத்தில், வைரஸை எதிர்த்து உடல் இடைவிடாது எதிர்ப்புப் பொருள்களை ஆக்குவதால் குளோபுலின் மிகுகிறது.

இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. ஒருவருக்கு ஆல்புமின் 2.8 கிராமும் குளோபுலின் 4.4 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 7.2 கிராம், இது இயல்பான அளவே. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் நோயைக் காணமாட்டார். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

குளிரில் படியும் புரதம்

இந்நோயாளிகள் பலருடைய இரத்தத்தில் கிரையோகுளோபுலின் என்னும் புரதக் கூட்டும் காணப்படுகிறது. உடல் வெப்பத்தில் கரைந்திருக்கும் இது, குளிரில் வெண்மையாகப் படியும். மீண்டும் 37 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால் கரைந்துவிடும். 1947இல் இதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. இதைக் கொண்டவர்களுள் பெரும்பாலோர்க்குத் தொல்லை எதுவும் தோன்றுவதில்லை. சிலருக்கோ இது சிறு இரத்தக் குழாய்களின் சுவரில் தங்கி அழற்சியை உண்டாக்கும். கால்களில் விரலுக்குத் தட்டுப்படும் செந்நீலப் புள்ளிகள், மூட்டு வலி, சோர்வு ஆகிய மூன்றும் இதன் முக்கிய அடையாளங்கள். சிறுநீரகம் தாக்கப்பட்டால் சிறுநீரில் புரதமும் இரத்தமும் வெளிப்படும். முடக்குவாதத்திற்கான இரத்தச் சோதனையும் இவர்களிடம் நேர்மறையாக வருவதுண்டு; அதனால் நோய் தவறாகக் கணிக்கப்படலாம். ஹீமோபீலியா உள்ளவரிடத்தில் மூட்டு வலியையும் தோல் நிறமாற்றத்தையும் வெறும் இரத்தக் கசிவு என்று தள்ளிவிடுவதற்கும் இடமுண்டு.

ஆசிரியர்கள் இங்கு ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டும். 1964இல் அமெரிக்க விஞ்ஞானி ஜூடித் பூல், உறையவைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகச் செய்தால், இரத்தம் உறைய உதவும் எட்டாவது காரணி வீழ்படிவில் மிகுதியாகத் தங்குவதைக் காட்டினார். ஹீமோபீலியா நோயாளிகளுக்கு உயிர்காத்த அப்பொருளின் பெயர் கிரையோபிரெசிபிடேட். இரண்டும் குளிரில் படிபவை. எனினும் அது மருந்து, கிரையோகுளோபுலினோ நோயின் விளைவு.

மாதிரியை எடுத்துச் செல்லும் முறை

இரத்த மாதிரி என்றவுடன் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பது களப்பணியாளர் வழக்கம். இச்சோதனைக்கு அது முற்றிலும் தவறு. குளிர்ந்தால் தேடும் புரதம் உறைகட்டியோடு படிந்து நீக்கப்பட்டுவிடும். சீரத்தில் எதுவும் தென்படாது. ஆலுவாவைப் போன்ற வெப்பமான ஊரிலும் அறையின் வெப்பம் பெரும்பாலும் உடல் வெப்பத்திற்குக் குறைந்தே இருக்கும் என்பதை மறக்கலாகாது. ஊசியையும் குழாயையும் முன்னதாகவே வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். 37 டிகிரி நீர் நிரப்பிய வெந்நீர்க் குடுவையில் மாதிரியை வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதே வெப்பத்தில் இரத்தம் உறைந்து சீரம் பிரிந்த பின்னரே, அதை 4 டிகிரியில் ஏழு நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள்.

நோய் தீரும்

மேற்கூறிய அடையாளங்கள் உள்ளவர்க்கு ஹெப்பட்டைட்டிஸ் ‘சி’ சோதனை அவசியம். எதிர்ப்புப் பொருள் குணமடைந்த பின்னும் இரத்தத்தில் நிலைத்திருக்கும்; ஆதலால் வைரஸ் இருப்பதை ஆர்.என்.ஏ. சோதனையால் உறுதி செய்ய வேண்டும். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. எனினும், சோபோஸ்புவிர் அடங்கிய கூட்டு மாத்திரைகளைப் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் உட்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸ் நீங்குகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெப்பட்டைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் சோதனையும் மருந்தும் இலவசம். வைரஸ் நீங்கிய பின்னரும் சிலரிடம் குளிரில் படியும் புரதம் சில காலம் நீடிக்கலாம். அவர்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

சேர்ந்து உண்பதாலோ, பள்ளியில் அருகருகே அமர்வதாலோ இந்நோய் பரவாது. தூய்மையற்ற ஊசியும், பிறர் பயன்படுத்திய சவர அலகும், சோதிக்கப்படாத இரத்தமுமே அஞ்சத்தக்கவை. நோயாளியை விலக்காமல் சோதனைக்கு அனுப்பி வைப்பதே களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்க பேருதவியாகும்.