வெயில் வேலையும் வேலையாட்களின் தேக சுகமும்

கடலூர், சிதம்பரம் பிரதேசங்களில் விவசாய வேலைகளில் பெரும்பாகம் கூலியாட்களைக் கொண்டே நடைபெறுவது யாவரும் அறிந்ததே. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்புப் பக்கங்களில் கரும்பு வெட்டு, பண்ருட்டி, விருத்தாசலம் செம்மண் மேடுகளில் முந்திரிக்கொட்டை பொறுக்குதல், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் நஞ்சைகளில் நடவு, களையெடுப்பு, சம்பாவுக்குப் பின் உளுந்து பிடுங்குதல் ஆகிய இவையனைத்தும் ஆட்களின் கைவேலையை வெகுவாக நம்பியிருக்கின்றன. இவற்றுள் பல மாசி முதல் வைகாசி வரையுள்ள வெயிற் காலத்தில் செய்யவேண்டியவை. உழவு மாடு வெயிலில் நாக்குத் தள்ளினால் நுகத்தை அவிழ்த்து நிழலில் கட்டுவது குடியானவர்களின் தொன்றுதொட்ட வழக்கம். அவ்வளவு கவனிப்பு வேலையாளுக்கும் அவசியம் என்பதைச் சமீப காலத்து ஆராய்ச்சிகள் தெளிவாக ருசுப்படுத்தியிருக்கின்றன.

வெப்பம் தேகத்தில் செய்யும் கேடு

கடினமாக உழைக்கும் மனிதனுடைய தேகம் தானாகவே உஷ்ணத்தை உண்டாக்குகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்றத் தோலுக்கு அதிக இரத்தம் பாய்கிறது. வியர்வை சுரந்து, அது காற்றில் உலரும்போது தேகம் குளிர்கிறது. கடலோரமாகிய கடலூரிலும், வாய்க்காலும் நஞ்சையும் சூழ்ந்த சிதம்பரத்திலும் காற்றில் ஈரம் மிகுதி. ஆகையால் வியர்வை சொட்டுமேயன்றி எளிதில் உலராது. உள்நாட்டு ஊர்களைவிட வெப்பமானி இங்குச் சில பாகை குறைத்துக் காட்டினும், தேகத்துக்கு நேரும் சிரமம் குறைவென்று எண்ணலாகாது. இதனாலேயே ஆராய்ச்சியாளர்கள் வெறும் காற்றின் வெப்பத்தை மட்டும் பாராமல், வெப்பம், ஈரம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் ஓர் அளவைக் கைக்கொள்கிறார்கள். அவ்வளவில் ஏறக்குறைய 28 பாகையைத் தாண்டினால், கடின வேலையை இடைவிடாமல் செய்வது தகாது என்பது அவர்களது முடிவு.

வியர்வையால் நீரும் உப்பும் குறைய, குண்டிக்காய் என்று வழங்கும் சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்தம் சுருங்குகிறது. ஒரு நாள் இவ்வாறு நேர்ந்தால், நீரும் ஓய்வும் கொண்டவுடன் பெரும்பாலும் குணமாகிவிடும். பருவம் முழுவதும் நாள்தோறும் நேர்ந்தால் சிறு காயங்கள் சேர்ந்து நிலையான கெடுதியாக முடியக்கூடும். சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை வலியோ வேறு அடையாளமோ வெளிப்படையாகத் தோன்றாமல் இருப்பதே இதிலுள்ள அபாயம். ஆள் மருத்துவமனைக்குப் போகும்போது காலம் கடந்திருக்கும்.

தமிழ்நாட்டில் கண்டவை

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டின் உப்பளங்கள் ஏழில் வேலை செய்த 352 பேரைப் பரிசோதித்து, அதன் விவரத்தை 2023-இல் வெளியிட்டனர். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் தக்க அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் உழைப்பதும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் சக்தி குன்றியிருப்பதும் அதில் தெரியவந்தன. உப்பள வேலையும் கழனி வேலையும் ஒன்றல்ல. ஆயினும் திறந்த வெளி, கடற்காற்றின் ஈரம், நிழலின்மை ஆகியவை இரண்டுக்கும் பொது.

விவசாயத் தொழிலாளரையே நேராக ஆராய்ந்ததும் உண்டு. 2023-இல் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளரைப் பரிசோதித்ததில், ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு, நீரிழிவு முதலிய வழக்கமான காரணம் ஏதுமின்றிச் சிறுநீரக நோய் இருக்கக் காணப்பட்டது. இத்தகைய நோய் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் பல ஆண்டுகளாகக் குடியானவர்களைப் பீடித்து வருகிறது. பூச்சிமருந்து, குடிநீரிலுள்ள பொருள்கள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டா என்பது பற்றி விவாதம் தீரவில்லை. வெயிலில் கடின உழைப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கோ சான்று வலுத்து வருகிறது.

பெண்கள் விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. சிதம்பரம் பக்கத்து நடவும் களையும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே உள்ளன. மேற்சொன்ன குழுவினர் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டனர். கழனி, செங்கற்சூளை, உப்பளம் முதலிய இடங்களில் மிகுந்த வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கர்ப்பம் சிதைதலும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் மற்றவர்களைப் போல் இரு மடங்காக இருந்தது. மேலும், ஒதுங்க மறைவிடம் இல்லாத கழனிகளில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடியாமல் இருந்துவிடுகிறார்கள். இதனால் நீர்க்கடுப்பும் மூத்திரப்பாதை நோய்களும் வருகின்றன.

கரும்பு வெட்டுவோரிடம் செய்த பரிசோதனை

மத்திய அமெரிக்காவில் எல் சல்வடார் நாட்டில், நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இல்லாத ஆடவர் பலர் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கு வருவதை 2002-இல் அந்நாட்டு மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். பிற்பாடு அப்பகுதியில் கரும்பு வெட்டுவோரிடம் இந்நோய் மிகுதியாக இருப்பது தெளிவாயிற்று. அங்கும் இங்குள்ளது போலவே வெட்டிய அளவுக்குக் கூலி; ஆகவே ஓய்வு கொள்ளுபவன் கூலியை இழப்பான்.

இதற்குப் பரிகாரமாக 2014-15 பருவத்தில் எல் சல்வடாரில் ஒரு குழுவினருக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, எடுத்துச் செல்லக்கூடிய நிழற் கூடாரம், ஒழுங்கான ஓய்வு வேளை, திருந்திய வெட்டுக் கத்தி ஆகியவை கொடுக்கப்பட்டன. வேலை குறைந்துவிடும் என்று அஞ்சியதற்கு மாறாக, ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டியது 5.1 டன்னிலிருந்து 7.3 டன் வரை உயர்ந்தது. நல்ல கத்திக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் ஓய்வினால் வேலை கெடவில்லை என்பது நிச்சயம்.

நிகராகுவா நாட்டின் ஓர் ஆலையில் 2017-18 பருவத்தில், எரித்த கரும்பை வெட்டியவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு அப்பருவத்திலேயே சிறுநீரகத்தில் காயம் கண்டது. அடுத்த பருவத்தில் ஓய்வையும் நிழலையும் அதிகப்படுத்தியபின் அத்தொகை நூற்றுக்கு 7 ஆகக் குறைந்தது. இதற்கு விலையுயர்ந்த மருந்தோ இயந்திரமோ தேவைப்படவில்லை. வேலையை நடத்தும் முறையை மாற்றியதே போதுமானதாயிற்று.

நிலமுடையோர் செய்யத்தக்கவை

1. வேலை நேரம்: கோடையில் விடியுமுன் தொடங்கி, முற்பகல் 11 மணிக்குள் கடின வேலையை முடித்துக்கொள்வது நலம். மீதி வேலை இருப்பின் வெயில் தாழ்ந்தபின் செய்யலாம்.

2. தண்ணீர்: கால் மணி அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு குவளை வீதம் குடிக்கவேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கலாகாது. ஒரே மூச்சில் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் தவறு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேற்படலாகாது. உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் நீரோடு உப்பையும் தருவன. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குடம் வரப்பின் கோடியில் இருந்தால் எவரும் போகமாட்டார்கள்; ஆட்கள் நகர நகரக் குடமும் கூடவே நகரவேண்டும்.

3. நிழலும் ஓய்வும்: மரமில்லாத கழனியில் நான்கு கழியும் ஒரு கீற்றுப் பந்தலும் போதும். மணிக்கு ஒரு முறையாவது பத்து நிமிஷ ஓய்வு கொடுக்கவேண்டும். வெயில் ஏற ஏற ஓய்வையும் நீட்டவேண்டும். குத்தகைக் கூலி, டன் கணக்குக் கூலி பேசும்போது ஓய்வு வேளையையும் மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, அதற்காகக் கூலி குறையாதபடி ஏற்பாடு செய்தாலன்றி இது நடைபெறாது.

4. புது ஆட்கள்: வெப்பத்துக்குத் தேகம் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து, நாள்தோறும் அவ்வளவு கூட்டி வருவது முறை. நோயிலிருந்து எழுந்து வருபவரையும் மெள்ளவே பழக்க வேண்டும்.

5. பெண்கள்: மறைவிடம் ஒன்று ஏற்படுத்தவேண்டும். கர்ப்பிணிகளுக்கு நிழலில் செய்யும் இலேசான வேலையைக் கூலி குறையாமல் கொடுப்பது தர்மம்.

6. வலி மாத்திரை: உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குவது பலரிடம் காணும் பழக்கம். இம்மாத்திரைகளுள் பல, நீர் வற்றிய தேகத்தில் சிறுநீரகத்துக்கு மேலும் தீங்கு செய்வன.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

வெயிலில் ஒருவர் தலைசுற்றி, பிதற்றி, அல்லது உணர்விழந்து விழுந்தால் அது சாதாரண மயக்கமென்று விட்டுவிடலாகாது. உடனே 108 வண்டியை அழைக்கவேண்டும். வண்டி வருமுன் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, தேகம் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். உணர்வில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 4 இலட்சம் நிவாரணம் ஏற்படுத்தியது. மரணத்துக்கு வெப்பமே காரணம் என்பது பதிவாகாவிட்டால் குடும்பத்துக்கு அவ்வுதவி எட்டாது. ஆதலால் இறந்த இடம், நேரம், செய்த வேலை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் அன்றே குறித்து மேலிடத்துக்குத் தெரிவிப்பது முக்கியம்.

கரும்பு வெட்டுப் பருவம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும், வெட்டும் ஆட்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கச் செய்யலாம். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் பருவத்தில் நேர்ந்த கெடுதி, வலி தோன்றுமுன்னரே தெரிந்துவிடும். கெடுதி கண்டவரை அண்ணாமலை நகரிலோ கடலூரிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்பவேண்டும். மேஸ்திரிகளையும் ஆலைகளின் கரும்பு அலுவலர்களையும் கூட்டி, வரும் பருவத்துக்கு முன்பே தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளும் ஊர்களில் வேலையும் தடையின்றி நடக்கும்; வேலையாட்களும் மறு வருஷம் திடகாத்திரமாகத் திரும்பி வருவார்கள்.